இவண், ஊர்ப் பொதுமக்கள்

சூரங்குளத்தில் பிறக்காமலே செத்துப்போன ஒரு பொம்பளை உண்டு. பேர் நீலாயதாட்சி. அந்த ஊரில் அவளைத் தெரியாதவர் கிடையாது, அவளுக்காக மூக்கைச் சிந்தாதவர் கிடையாது, அவள் பிறந்த வீடு எது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு திசையில் கையை நீட்டுவார்கள். அவளைச் சாகவைத்தது முப்பிடாதி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காலேஜில் கொடுத்த வேலை.

முப்பிடாதி, ஃப்ளெக்ஸ் கடை சங்கிலிபூதத்தானின் ஒரே மகள். சென்னையில் கிராஃபிக் டிசைன் படித்தாள். பேரை வாய்க்குள் அடக்கத் தெரியாத சிநேகிதிகள் மூபி என்று கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். கடைசி வருஷத்தில் ஒரு ஆராய்ச்சி செய்து ஒப்படைக்கச் சொன்னார்கள்: ஒரு படம் வாயைத் திறக்காமல் ஆளை எப்படி நம்பவைக்கிறது, ஜனங்கள் காலம்காலமாகக் கண்டு பழகிய சின்னங்கள் அந்தப் படத்துக்குள் உட்கார்ந்து என்ன வாதம் செய்கின்றன என்று. கூடப் படித்தவர்கள் கோலம், கோபுரம், லாரியின் பின்பக்கம் என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தபோது, இவள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எடுத்துக்கொண்டாள். சூரங்குளத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் அந்த முகம் அவள் அப்பா கடைக் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் சுவருக்குப் போகும். ஊரின் செத்தவர்கள் அத்தனை பேரும் அதற்குள் மார்பளவுப் படமாக வரிசையில் இருந்தார்கள்.

அதில் இல்லாதவள் ஒருத்திதான். முப்பிடாதியின் அம்மா, ஆவுடைத்தங்கம். குளம் உடைந்த வருஷம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கல்யாண ஆல்பம் பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் செங்கல் மாதிரி இறுகிவிட்டது. கொஞ்ச நாளில் அவளும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஊருக்கெல்லாம் அஞ்சலி போஸ்டர் அடித்த சங்கிலிபூதத்தான் பெண்டாட்டி போஸ்டரில் முகம் வர வேண்டிய இடத்தில் குத்துவிளக்குப் படம் போட்டார். முப்பிடாதி அப்போது பாலர் பள்ளிப் பிள்ளை. அம்மா முகம் அவளுக்கு நினைவில் இல்லை. ஒரு கை மட்டும் நினைவிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன், இப்போது சொன்னால் கதை கெட்டுவிடும்.

அவள் அப்பா அடித்த பழைய போஸ்டர்களை எல்லாம் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தாள். ஒற்றைக் கண், அதில் விழாமல் தொங்கும் ஒரு சொட்டு. இரண்டு பக்கமும் விளக்கு. மேகத்தில் புறா. வாடாத ரோஜா. கழுத்துக்குக் கீழே உடம்பு வெள்ளைப் புகையாகக் கரைந்து போயிருக்கும். இத்தனையும் கூடிவிட்டால் பார்க்கிறவன் செருப்பைக் கழற்றாத குறைதான், உச்சுக் கொட்டிவிட்டுத்தான் நகருவான். அப்படியானால் ஆளே தேவையில்லை, சின்னங்கள் போதும், சாவை அவையே செய்துவிடும் என்று அவள் முடிவுக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. நிரூபிக்கப் பார்த்தாள்.

கம்ப்யூட்டரில் இருந்த செத்தவர்களில் ஒருத்தியின் நெற்றி, இன்னொருத்தியின் கண், மில்லுக்காரர் வீட்டு அம்மாவின் மூக்கு, யாருடையதோ ஒரு தாடை என்று எடுத்து ஒட்டி, ஓரங்களைத் தேய்த்து மறைத்து, நடுவயதில் ஒரு பெண்ணை உண்டாக்கினாள். ஊரில் யாருக்கும் இல்லாத பேராகத் தேடி நீலாயதாட்சி என்று வைத்தாள். மறைவு என்று போட்டு அன்றைய தேதியைப் போட்டாள். தோற்றம் போடவில்லை. பிறந்த தேதி தெரியாதவர்களுக்குப் போடாமல் விடுவது ஊரில் உண்டுதான். அடியில், துக்கப்படுகிறவர்களின் பேர் வருகிற இடத்தை வெறுமையாக விட்டாள். அழ ஆள் இல்லாத போஸ்டரைப் பார்த்தும் ஜனங்கள் அழுகிறார்களா என்பதுதான் சோதனை.

அங்கேதான் கோளாறு. ஃபைலை மிஷினுக்கு அனுப்பிவிட்டு அவள் சாப்பிடப் போனாள். சங்கிலிபூதத்தான் வந்து பார்த்தார். அடியில் இடம் காலியாகக் கிடந்தது. பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்தார். பஸ் ஸ்டாண்டில் செத்துக்கிடக்கிற நாதியற்றவனுக்குக்கூட அந்த இடத்தை அவர் காலியாக விட்டதில்லை; கை தானாகப் போய் வழக்கமாக அடிப்பதை அடித்தது. இறுதி ஊர்வலம் இன்று மாலை அன்னாரது இல்லத்திலிருந்து. இவண், ஊர்ப் பொதுமக்கள். ஒட்டுகிறவனை வரச் சொல்லி பசை வாளியோடு அனுப்பியும் விட்டார்.

சூரங்குளத்தில் ஒரு வழக்கம். அஞ்சலி போஸ்டரை அடியிலிருந்துதான் படிப்பார்கள். செத்தது யார் என்பது இரண்டாவது. யார் பேர் போட்டிருக்கிறது, யார் பேர் விட்டுப்போயிருக்கிறது, மருமகன் பேர் மகனுக்கு மேலே ஏறிவிட்டதா என்பதுதான் முதலில். பேர் விட்டுப்போனதற்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு, பேர் இருந்தும் போகாமல் இருந்ததற்காகப் பெண் கொடுக்க மறுத்த குடும்பங்களும் உண்டு. பேர் போட்டுவிட்டால் அந்தச் சாவு உன்னுடையது. அவ்வளவுதான் சட்டம்.

டீக்கடை தவசிமுத்துதான் முதலில் படித்தார். அடியிலிருந்து மேலே போய், மறுபடி அடிக்கு வந்தார். யார் வே இந்தம்மா என்று பெஞ்சில் இருந்தவர் கேட்டார்.

"யாரா இருந்தா என்ன? நம்ம பேரைப் போட்டிருக்கு" என்றார் தவசிமுத்து. "போகாம இருந்தா நாளைக்கு ஒமக்கு எவன் வருவான்?"

மத்தியானத்துக்குள் ஊர் கிளம்பிவிட்டது. மாலை வாங்கியவர்கள் மாலையோடும், கோடிச்சேலை எடுத்தவர்கள் சேலையோடும், வெறுங்கையாக வந்தவர்கள் வெறுங்கையைப் பின்னால் கட்டிக்கொண்டும், அன்னாரது இல்லம் எது என்று தெருத்தெருவாகத் தேடிப் போனார்கள். மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவில் இருக்கும் என்றார்கள், கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் மாவு மில்லுக்குப் பக்கத்தில் கருவேலம் மண்டிக் கிடந்த காலி மனையில், யாரும் போடாத சாமியானாவுக்குக் கீழே, யாரும் கொண்டுவந்து வைக்காத ஐஸ் பெட்டிக்குள், நீலாயதாட்சி கிடந்தாள். போஸ்டரில் இருந்த மாதிரியே இருந்தாள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். யாரோ ஒருத்தர் சங்குக்காரருக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். சொல்லியாகிவிட்டது என்று பதில் வந்தது. எப்படி வந்தாள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேதத்துக்கு வந்த இடத்தில் அதையா கேட்பது.

ஜனங்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று படம் பிடிக்க முப்பிடாதி போனோடு வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். போனை இறக்கினாள். அவள் ஒட்டிய முகம்தான். நெற்றியில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தது, கன்னத்தில் வலப்பக்கமிருந்து விழுந்தது. வெயில் உச்சியில் நின்றது. அவள் சரிசெய்யாமல் விட்ட நிழல், மூக்கின் தப்பான பக்கத்தில், சாந்து மாதிரி அப்படியே இருந்தது. வேறு யார் கண்ணுக்கும் அது படவில்லை. மார்புக்குக் கீழே மாலைகள் குவிந்திருந்தன. மாலைக்குக் கீழே வெறும் வெள்ளைப் புகைதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எப்பா என்று சங்கிலிபூதத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்படி ஒரு ஆள் கிடையாது, நான்தான் செய்தேன் என்று காதில் சொன்னாள்.

"செத்த வீட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுத" என்றார் அவர். "போய் பொம்பளையளோட உக்காரு."

பொம்பளைகள் அழ உட்கார்ந்தார்கள். அழுவதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் இல்லையா. செத்தவளைப் பற்றித் தெரியாவிட்டால் என்ன, எல்லார் வீட்டிலும் ஒரு சாவு உண்டு. மாவு மில் பிரம்மசக்தி தலையை விரித்துப்போட்டுக்கொண்டு தொடங்கினாள். செத்துப்போன தங்கச்சியை நினைத்துக்கொண்டு, எனக்குப் பாவாடை தைக்கக் கற்றுக்கொடுத்தவளே, மிஷின் ஊசி என் விரலில் ஏறியபோது வாயில் வைத்து உறிஞ்சினவளே என்று நீலாயதாட்சியைப் பார்த்துப் பாடினாள். அடுத்தவள் மாமியாரின் மீன் குழம்பைக் கொடுத்தாள். இன்னொருத்தி மகளின் கொலுசுச் சத்தத்தைக் கொடுத்தாள். ஆம்பிளைகள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். பெண்டாட்டி செத்த அன்றைக்குக்கூட விளக்குப் படம் தேடிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த, கண்ணில் ஒரு சொட்டு வராத சங்கிலிபூதத்தான், அந்த ஐஸ் பெட்டியின் மூடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, கறிவேப்பிலையை ஒதுக்காமல் தின்பாயே, கதவைச் சாத்தும்போது நான் உள்ளே இருக்கிறேனா என்று ஒருதடவை எட்டிப்பார்த்துவிட்டுச் சாத்துவாயே என்று ஊர் கேட்க அழுதார். முப்பிடாதி அதுவரை அவற்றைக் கேட்டதில்லை. அம்மாவைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பொய்க்கு எதற்கு அழ வேண்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தாள்.

கொள்ளி வைக்க வாரிசு இல்லை. பேர் போட்டிருப்பது ஊர் என்பதால் ஊரே ஒரு கட்டையில் கைவைத்தது. கூட்டம் போய்க் குளித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியது.

திரும்பினால் சுவரில் முகங்களைக் காணோம்.

சட்டம் இருந்தது, கண்ணாடி இருந்தது, கண்ணாடியில் வைத்த குங்குமப்பொட்டு இருந்தது, சந்தன மாலை தொங்கியது, முன்னால் சின்ன சிவப்பு பல்பு எரிந்தது. நடுவில் வெள்ளை. அழுகையில் யாரைக் கொடுத்தார்களோ அவர்கள் போய்விட்டார்கள். போனவர்கள் யார் என்று கேட்டால் வீட்டுக்காரர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. யாரோ இருந்தார்கள், மாலை போட்டிருக்கிறதே என்றார்கள். கொஞ்ச நாள் தயங்கினார்கள். பிறகு, வெறும் சட்டத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிட முடியாது என்று ஒருவர் பின் ஒருவராகக் கடைக்கு வந்து நீலாயதாட்சியின் படத்தைச் சின்னதாக ஒன்று போட்டுத்தரச் சொல்லி வாங்கிப் போனார்கள். சங்கிலிபூதத்தான் அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே முகம், மூக்கின் தப்பான பக்கத்தில் ஒரே நிழல்.

நீலாயதாட்சி மத்தியானங்களில் வருவாள். மற்ற நேரத்தில் வந்ததில்லை. வெயில் தரையை அமுக்குகிற நேரம், நாய் வண்டிக்கடியில் படுத்திருக்கிற நேரம், ரேஷன் கடை வரிசையில், டீக்கடை முன்னால், பள்ளிக்கூடத்துச் சுவரோரம், மார்பளவில் நிற்பாள். அதற்குக் கீழே சேலை புகையாகக் கரைந்திருக்கும். யாரையும் பயமுறுத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எனக்கு என்ன பிடிக்கும்?"

ஜனங்கள் சொன்னார்கள். உங்களுக்குச் சொதிக் குழம்பு என்றால் உயிராச்சே என்பார் ஒருத்தர். கருப்பட்டி மிட்டாய் என்பாள் இன்னொருத்தி. தவசிமுத்து அவளுக்கென்று ஒரு டீ ஆற்றி வைப்பார். குடிக்கமாட்டாள். எடுக்கக் கை இல்லை. டீ ஆடை கட்டிக் கிடக்கும், யாரும் அந்தத் தம்ளரைத் தொடமாட்டார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் அவள் எங்கள் பக்கத்துப் பொம்பளை என்று சண்டை போட்டு, கோயில் கொடை விழாவில் அவளை எந்தத் தெரு வரிசையில் நிற்க வைப்பது என்று கூட்டம் போட்டு, நடுவில் நிற்கட்டும் என்று முடித்தார்கள். பிள்ளைகள் நீலாத்தை என்று கூப்பிட்டன. ஊர் அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. புது பஸ் ரூட்டை வாங்கிக்கொள்கிற மாதிரி.

முப்பிடாதிதான் சோறு இறங்காமல் கிடந்தாள். ஒரு நாள் அப்பா சாப்பிடும்போது தட்டில் கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டு, அம்மா இதை ஒதுக்கமாட்டாள் என்றீர்களே என்று எடுத்துப் பார்த்தாள்.

"ஆமா, நீலா ஒதுக்கமாட்டா" என்றார் சங்கிலிபூதத்தான்.

"நீலா இல்லப்பா. அம்மா. ஆவுடைத்தங்கம்."

அவர் சோற்றிலிருந்து கையை எடுக்காமல் அவளைப் பார்த்தார். ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் முகம்கூட அது இல்லை. புதுப்பேரைக் கேட்கிற முகம்.

"ஆவுடைத்தங்கமா?" என்றார். "யாருட்டி அது?"

கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த அம்மாவின் பழைய அஞ்சலி போஸ்டரில் பேரோடு விளக்குப் படமும் போயிருந்தது. முகத்துக்குப் பதிலாக வைத்ததும் போனது. ஆவுடைத்தங்கம் என்ற பொம்பளை இந்த உலகத்தில் இருந்ததற்கு, ஒட்டிப்போன ஆல்பம் ஒன்றும், முப்பிடாதிக்குள் இருந்த ஒரு கையும்தான் மிச்சம்.

அந்த மத்தியானம் கரண்ட் போனது. மிஷின் நின்றது. நீலாயதாட்சி கடைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கதவு திறக்கவில்லை, அவள் உள்ளே இருந்தாள்.

"ஒன்னத்தான் பாக்கணும்னு இருந்தேன் தாயி" என்றாள்.

முப்பிடாதி எழுந்திருக்கவில்லை. உனக்கு என்ன பிடிக்கும் என்று என்னிடம் கேட்காதே, எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னாள். நீலாயதாட்சி சிரித்தாள். மேலுதடு ஒருத்தியுடையது, கீழுதடு இன்னொருத்தியுடையது. சிரிப்பு நடுவில் பொருந்தவில்லை.

"பிடிச்சது எல்லாம் வந்துட்டு. சொதி, மீன் கொழம்பு, கொலுசு. பாவாடை தைக்கத் தெரியும் எனக்கு. தைக்கத்தான் கை இல்ல. நீ மாருக்கு மேல செஞ்சு விட்டுட்ட."

முப்பிடாதிக்கு அது நியாயமாகப் பட்டது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. திறந்து, நல்ல கைகளாகத் தேடி, கும்பிட்ட கை, வளையல் போட்ட கை, மருதாணிக் கை என்று ஒவ்வொன்றாக அந்த உடம்பில் பொருத்தினாள். பொருத்தப் பொருத்த நீலாயதாட்சிக்குத் தோளிலிருந்து கை இறங்கும், மணிக்கட்டு வரைக்கும் நிற்கும், பிறகு நனைந்த காகிதம் மாதிரி துவண்டு புகைக்குள் விழுந்துவிடும்.

"கை மாதிரி இருக்கு. கை இல்ல" என்றாள் நீலாயதாட்சி. "யாராவது ஞாபகம் வச்சிருந்த கைதான் நிக்கும். ஊருல எல்லாரும் மொகத்தத்தான் வச்சிருக்காவ. கைய யாரும் வச்சுக்கிடல. ஒங்கிட்ட ஒண்ணு இருக்கு."

"அது எங்கம்மா கை."

"தெரியும். அதான் கேக்கேன். நானா எடுக்கல."

கொடுக்கமாட்டேன் என்றாள் முப்பிடாதி. கை கிடைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள். போவேன் என்றாள் நீலாயதாட்சி. போகிறதற்கும் ஒரு கதவு இருக்கிறது, அது தானாகத் திறக்காது, கை இல்லாமல் அதன் முன்னால் போய் நின்று நின்று திரும்பி வருகிறேன், திரும்பி வரும்போதெல்லாம் இந்த ஊர் எனக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்துவிடுகிறது, வேண்டாம் என்று தள்ளவும் கை இல்லை என்றாள். கரண்ட் வந்தது. அவள் நின்ற இடத்தில் ஏசிக் காற்று பட்டது.

இரண்டொரு நாள் முப்பிடாதி கடைப்பக்கம் வரவில்லை. யாருக்கோ அம்மாவைக் கொடுப்பதற்கு நான் என்ன கிறுக்கியா என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எப்படியோ ஊருக்கு இது தெரிந்தும் யாரும் வந்து கொடு என்று நெருக்கவில்லை. நெருக்கியிருந்தால் கொடுத்திருக்கமாட்டாள். பிரம்மசக்தி மட்டும் மாவு தூவிய சேலையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்றாள். வலது ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

"இதப் பாரு. ஊசி ஏறின தழும்பு. நெகத்துக்குள்ளாற போயிருக்கு, சின்ன வலி இல்ல. எப்ப ஏறுச்சுன்னு தெரியலட்டி. எனக்குத் தையல் தெரியாது. தையல் மிஷின் எங்க வீட்டுல எப்படி வந்துச்சு?" விரலைத் திருப்பிப் பார்த்தாள். "யாரோ இதை வாயில வச்சு உறிஞ்சின மாதிரி இருக்கு. நெனச்சா அழுகை வருது. யாருக்கு அழுதேன்னு தெரியாம அழுதா கிறுக்குப் பிடிச்சிரும் போல."

ஒரு தங்கச்சி இருந்தாள் அத்தை என்று முப்பிடாதி சொன்னாள். பேரையும் சொன்னாள். பிரம்மசக்தி அதை ஒருதடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நல்ல பேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு முப்பிடாதி கடைக்குப் போய்த் தன் போஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணீர்க் கண்ணைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், புறாவைப் பார்த்தாள், இந்தச் சின்னங்கள்தான் சாவைச் செய்தன என்று தான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்ததை நினைத்தாள். செய்தது அவை எதுவும் இல்லை. ஊர் அந்தக் கண்ணைப் பார்த்துக் கிளம்பவில்லை. அடியில், பொடி எழுத்தில், அப்பா யோசிக்காமல் அடித்த அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் கிளம்பியது. விளக்கும் புறாவும் சும்மா வேடிக்கை. கீழே பேர் போட்டவன்தான் செத்தவளைச் சுமக்கிறான். ஊர் பேர் இருக்கிற வரைக்கும் ஊர் சுமந்துதான் தீர வேண்டும், தன் வீட்டுச் செத்தவர்களை ஒவ்வொருத்தராக இறக்கிப் போட்டுவிட்டு.

ஊர்ப் பொதுமக்கள் என்பதை அழித்தாள். கர்சர் துடித்துக்கொண்டு நின்றது. மகள் முப்பிடாதி என்று அடித்தாள்.

சங்கிலிபூதத்தான் மிஷினிலிருந்து வந்த தாளை எடுத்தார். அவரும் அடியிலிருந்துதான் படித்தார்.

"யோசிச்சுக்கிட்டியா?" என்றார். "பேரப் போட்டா போட்டதுதான். பெறகு உருவ முடியாது."

"தெரியும்பா."

"நீ ஒருத்தியாட்டி சொமப்ப?"

பசை வாளியை அவளே தூக்கினாள். பழைய போஸ்டர் ஒட்டிய சுவர்களில் எல்லாம் அதன்மேல் புதிதை ஒட்டிக்கொண்டு, ரேஷன் கடை, டீக்கடை, பள்ளிக்கூடம், மாவு மில் என்று ஊரைச் சுற்றி வந்து, முழங்கை வரைக்கும் பசை காய்ந்து இழுக்க, மத்தியானத்தில் கடைக்குத் திரும்பினாள். நீலாயதாட்சி அங்கே நின்றாள். முப்பிடாதி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, செத்த வீட்டில் அன்று சொல்லாததைச் சொல்லத் தொடங்கினாள்.

கிணற்றடியில் என்னை மணையில் உட்கார வைப்பாய், சீயக்காய் கண்ணில் பட்டால் நான் ஊரைக் கூட்டுவேன் என்று, ஒரு கையால் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது இன்னொரு கையை என் நெற்றியில் வரப்பு மாதிரி குறுக்கே வைப்பாய், தண்ணீர் உன் கையில் மோதி இரண்டு பக்கமும் காது வழியாக ஓடும், என் கண்ணுக்கு ஒரு சொட்டு வராது, உள்ளங்கை சொரசொரப்பாக இருக்கும், சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும், அதில் வெங்காய வாசனை வரும், நான் கண்ணைத் திறந்தால் விரல் இடுக்கில் வெயில் சிவப்பாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனாள், சொல்லச் சொல்ல முதலில் கிணறு போயிற்று, மணை போயிற்று, வாசனை போயிற்று, சிவப்பு வெயில் போயிற்று, கடைசியில் யாரிடம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமல் வாய் நின்றது.

நெற்றியில் ஒரு கை குறுக்கே வந்து ஒரு தடவை மறித்து நின்றது. பிறகு விலகியது. முப்பிடாதி கண்ணைத் திறந்தபோது நீலாயதாட்சி கதவருகே நின்றாள். சுண்டுவிரல் வளைந்த ஒரு கையால் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். திறந்து வெளியே போகும் முன், உள்ளே முப்பிடாதி இருக்கிறாளா என்று ஒருதடவை எட்டிப்பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள். வெளியே தெருதான் இருந்தது. தெருவில் அவள் இல்லை.

ஊரில் சட்டங்களுக்குள் முகங்கள் வந்து உட்கார்ந்தன. சத்தம் கிடையாது, பல்பு கொஞ்சம் மங்கிப் பிரகாசித்தது, அவ்வளவுதான். மாவு மில்லில் பிரம்மசக்தி ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டு, தங்கச்சி பேரைச் சொல்லிச் சாயங்காலம் வரைக்கும் அழுதாள். அழுத பிறகு நன்றாகச் சாப்பிட்டாளாம். தவசிமுத்து ஆடை கட்டிய டீயைக் கொட்டித் தம்ளரைக் கழுவினார். நீலாயதாட்சியை ஊர் மறக்கவில்லை. நல்ல பொம்பளை என்று இன்றைக்கும் சொல்வார்கள். யார் வீட்டுப் பொம்பளை என்று கேட்டால், ஃப்ளெக்ஸ் கடைப் பிள்ளையின் அம்மா என்பார்கள்.

சங்கிலிபூதத்தான் வீட்டுக்கு ஓடினார். அலமாரியின் அடியில் கிடந்த ஆல்பத்தை எடுத்தார். விரல் வைத்ததும் பக்கம் பிரிந்தது. அடுத்த பக்கமும் பிரிந்தது. அந்த ஆளுக்கு அப்போது ஓட்டம் வராத வயசு. இருந்தும் திறந்த ஆல்பத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எதிரே வந்தவர்களைப் பார்க்காமல், செருப்பில்லாமல், தார் ரோட்டில் கடைக்கு ஓடிவந்தார். பேச மூச்சு இல்லை. மகள் முன்னால் மேஜையில் வைத்தார்.

முப்பிடாதி பார்த்தாள். மணக்கோலத்தில் ஒரு பெண். சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்த கையில் மாலையைப் பிடித்திருந்தாள். படிக்கிற பிள்ளையின் கண்ணால் நிதானமாகப் பார்த்தாள். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வந்தது, நிழல் சரியான இடத்தில் விழுந்திருந்தது.

"நல்ல போட்டோப்பா" என்றாள். "யாரு இது?"

சங்கிலிபூதத்தான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சொல்லத் தொடங்கினார். அன்றைக்கும் சொன்னார், அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் வாயே திறக்காத மனுஷன். அவளும் தலையாட்டிக் கேட்கிறாள், பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்கிற மாதிரி.

காலேஜில் அந்த ஆராய்ச்சியை ஒப்படைத்தாள். முகத்தை ஒட்டிய விதம் அருமை, அடியில் அந்த வரி மட்டும் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, எடுத்துவிட்டால் படம் சுத்தமாக இருக்குமே என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம். எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

சென்னையில் ஹாஸ்டலில் மத்தியானம் ஆளில்லாத குளியலறையில் தலைக்கு ஊற்றுவாள். குழாயில்தான் தண்ணீர், ஷாம்புதான், சீயக்காய் இல்லை. முதல் குவளை ஊற்றியதும் நெற்றியில் குறுக்காக ஏதோ ஒன்று வந்து நிற்கும். தண்ணீர் அதில் மோதி இரண்டு பக்கமும் காது வழியாக ஓடும். கண்ணுக்கு ஒரு சொட்டு வராது. யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. பயமும் இல்லை. கண்ணைத் திறக்காமல், அதற்கு வசதியாக, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுப்பாள்.